கார்டுக்கு இரண்டாவது நிழல் சேர்த்தால் முதல் நிழல் ஏன் மறைகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு கார்டின் கிளாஸில் மெல்லிய நிழல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். மவுஸ் மேலே வரும்போது இன்னும் பரந்த நிழல் ஒன்று கூடச் சேரட்டும் என்று ஹோவரில் இன்னொரு பாக்ஸ்-ஷேடோ வரி எழுதினீர்கள். புதியது வந்தது, பழையது போய்விட்டது. அப்படியானால் ஒரு எலிமென்ட்டுக்கு ஒரு நிழல்தானா, இரண்டு வேண்டுமென்றால் டிவ்வுக்குள் டிவ் வைத்துத்தான் ஆக வேண்டுமா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பல நிழல்களை எப்படி எழுதுவது என்பது ஒன்று. அதற்கு விடை சின்னது. வெவ்வேறு இடங்களில் எழுதிய நிழல்கள் ஏன் ஒன்றுசேர்வதில்லை, அவற்றைச் சேர வைப்பது எப்படி என்பது இன்னொன்று. தலைவலி எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

பல வருடங்களாக வலைப்பக்கங்களின் முகப்பு எழுதுவதுதான் என் வேலை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் ஸ்பெக்கில், அதாவது அதன் அதிகாரபூர்வ விதித்தொகுப்பில், எழுதி முடிவாகிவிட்டவற்றையும், கண்ணால் பார்த்து நாமே முடிவு செய்ய வேண்டியவற்றையும் கலக்காமல் சொல்ல முயல்கிறேன். உங்கள் பக்கத்தை நான் பார்க்கவில்லை. அதனால் இதையெல்லாம் செய்த பிறகும் நிழல் வரவில்லையென்றால் காரணம் இவற்றில் எது என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்பதை மட்டும் என்னால் காட்ட முடியும்.

எளிதான பகுதி முதலில். பாக்ஸ்-ஷேடோ என்ற பிராப்பர்ட்டி எதிர்பார்ப்பது ஒரு நிழலை அல்ல, நிழல்களின் பட்டியலை. ஒரு நிழலை எழுதி, கமா போட்டு, அடுத்ததை எழுதி, கடைசியில் அரைப்புள்ளி வைத்தால் போதும். டிவ்வுக்குள் டிவ் வேண்டாம். ஒவ்வொரு நிழலுக்கும் இரண்டிலிருந்து நான்கு அளவுகள்: கிடைமட்ட நகர்வு, செங்குத்து நகர்வு, பிளர் (மங்கல்), ஸ்பிரெட் (நிழலைப் பெரிதாக்குவது), இதே வரிசையில். கூடவே ஒரு நிறம், நிழல் எலிமென்ட்டுக்கு உள்ளே விழ வேண்டுமானால் இன்செட் என்ற சொல். பிளருக்கு எதிர்மறை எண் செல்லாது, ஸ்பிரெட்டுக்குச் செல்லும். சதவீதம் எதற்கும் செல்லாது. நிறத்தை விட்டுவிட்டால் அந்த எலிமென்ட்டின் எழுத்து நிறமே நிழலுக்கும் வந்துவிடும். நீல எழுத்துள்ள பட்டனுக்குத் திடீரென்று நீல நிழல் வந்ததென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பட்டியல் என்பதால் ஒரு விளைவு உண்டு. ஐந்து நிழல்களில் ஒன்றில் தவறு இருந்தால் அந்த ஒன்று மட்டும் போகாது, ஐந்தும் போகும். 0 தவிர மற்ற எண்ணுக்கெல்லாம் அலகு வேண்டும். ஒரே ஒரு இடத்தில் பிக்சல் என்பதை விட்டாலும் பிரவுசர் முழு வரியையும் தள்ளிவிடும். பழைய பாணியில் நிறத்தை எழுதும்போது அடைப்புக்குறிக்குள்ளும் கமா வருவதால், பட்டியல் நீள நீள எந்தக் கமா எதைப் பிரிக்கிறது என்று தெரியாமல் போகும். எனவே ஒரு நிழலுக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதுங்கள். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்த்தால், தவறான வரி அடிக்கப்பட்டு அதன் பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் இருக்கும். வேறொரு விதியிடம் தோற்ற வரி அடிக்கப்பட்டு மட்டும் இருக்கும், முக்கோணம் இருக்காது. இந்த வித்தியாசம் தெரிந்தாலே தேடும் நேரம் பாதியாகும்.

வரிசையிலும் பொருள் இருக்கிறது. பட்டியலில் முதலில் எழுதியது மேலே வரும், பின்னால் எழுதியவை ஒவ்வொன்றாக அதற்குக் கீழே போகும். மங்கலான நிழல்களில் இது கண்ணுக்குத் தெரியாது. பிளர் இல்லாத வளையங்களில் உடனே தெரியும். நகர்வு இரண்டும் 0, பிளர் 0, ஸ்பிரெட் 4 பிக்சல் வெள்ளை என்று ஒன்று எழுதுங்கள். அடுத்து அதே போல ஸ்பிரெட் 8 பிக்சல் நீலம். பட்டனைச் சுற்றி 4 பிக்சல் வெள்ளை இடைவெளியும், அதற்கு வெளியே 4 பிக்சல் நீலக் கோடும் வரும். இரண்டையும் இடம் மாற்றினால் 8 பிக்சல் நீலம் மேலே வந்து வெள்ளையை முழுக்க மூடிவிடும். பல நிழல்களைப் பழக விரும்பும் எவருக்கும் நான் முதலில் கொடுப்பது இந்தப் பயிற்சிதான். நிழல் என்பது மங்கல் மட்டும் அல்ல, எலிமென்ட்டின் உருவத்தின் நகல் என்பது கைக்குப் புரிந்துவிடும்.

சில பழைய குறிப்புகளில் வரிசை தலைகீழாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2, எழுத்துகளுக்கு நிழல் தரும் டெக்ஸ்ட்-ஷேடோவுக்கு இதற்கு நேர்மாறான வரிசையைத்தான் சொன்னது. பிறகு 2.1-இல் அந்தப் பிராப்பர்ட்டியையே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நிலை ஸ்பெக்கில் திரும்பி வந்தபோது முதலாவதே மேலே என்று மாற்றினார்கள். இப்போது இரண்டு ஷேடோக்களுக்கும் இதே விதிதான்.

வெளி நிழலுக்கும் இன்செட் நிழலுக்கும் தளமே வேறு. வெளி நிழல் எலிமென்ட்டுக்குக் கீழே வரையப்படும், அதுவும் பார்டரின் வெளி விளிம்புக்கு வெளியே மட்டும். உள்ளே விழும் பகுதி வெட்டப்பட்டுவிடும். கார்டின் பேக்கிரவுண்ட் ஒளி ஊடுருவுவதாக இருந்தாலும் அதன் வழியே நிழல் தெரியாது. இன்செட் நிழல் பேக்கிரவுண்டுக்கு மேலே, பார்டருக்கு உள்ளே, உள்ளடக்கத்துக்குக் கீழே வரும். அதனால் இரண்டு வகையும் ஒரே பட்டியலில் எப்படிக் கலந்து கிடந்தாலும் ஒன்றை ஒன்று மறைக்காது. படத்துக்கு இன்செட் நிழல் வரவே மாட்டேன் என்கிறது என்று அடிக்கடி கேட்பார்கள். அங்கே படமே உள்ளடக்கம், நிழல் அதற்குக் கீழே ஒளிந்து கிடக்கிறது. படத்தைச் சுற்றி ஒரு டிவ் வைத்து, அதன் ஆஃப்டர் சூடோ எலிமென்ட்டை (சிஎஸ்எஸ் மட்டுமே உண்டாக்கும் கூடுதல் எலிமென்ட்) படத்தின் மேல் விரித்து, அதற்கு இன்செட் நிழல் கொடுங்கள். டிவ்வுக்குள் டிவ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். சிஎஸ்எஸ் ஒரு எலிமென்ட்டின் ஒரு பிராப்பர்ட்டிக்கு ஒரே ஒரு மதிப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். பத்து விதிகள் பாக்ஸ்-ஷேடோ சொன்னாலும் ஒன்று வெல்லும், ஒன்பது தோற்கும். தோற்றவற்றின் பட்டியலை வென்றதோடு சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை. உங்கள் ஹோவர் விதி வென்றது, அதில் ஒரே ஒரு நிழல் இருந்தது, அதனால் ஒன்றுதான் வந்தது. பிரவுசர் மீது குறை ஒன்றும் இல்லை. நேரடியான தீர்வு, ஹோவர் விதியில் பழைய நிழலையும் புதியதையும் இரண்டையும் எழுதுவது. ஒரே ஒரு கார்டு, ஒரே ஒரு ஹோவர் என்றால் அதைச் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஆனால் நிலைகள் பெருகும்போது இது தாங்காது. ஹோவர், ஃபோகஸ் (கீபோர்டில் நகர்ந்து வந்து நிற்பது), தேர்ந்தெடுக்கப்பட்டது, பிழை உள்ளது என்று நான்கு நிலைகள் சேர்ந்தால், ஹோவரும் ஃபோகஸும் ஒன்றாக இருக்கும்போது என்ன, பிழையும் ஃபோகஸும் சேர்ந்தால் என்ன என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனி விதி எழுத வேண்டிவரும். ஒரு நிழலின் நிறத்தை மாற்றினால் எட்டு இடத்தில் மாற்ற வேண்டும், அதில் ஒன்று கட்டாயம் விட்டுப்போகும்.

இதற்குக் கஸ்டம் பிராப்பர்ட்டிதான், அதாவது நாமே பெயர் வைத்து மதிப்பு கொடுக்கும் வேரியபிள்தான், மருந்து. பாக்ஸ்-ஷேடோ வரியை ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை எழுதுங்கள். அதில் நேரடி மதிப்புகள் வேண்டாம், மூன்று வேரியபிள்களைக் கமா போட்டு அடுக்குங்கள்: வளையம், அடி நிழல், எழும் நிழல். (இந்தப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், முன்னால் இரண்டு சிறுகோடு (--), இடைவெளி வர வேண்டிய இடத்தில் ஒரு சிறுகோடு. பிரவுசர் மறுக்காது.) அடி நிழலுக்கு உங்கள் மெல்லிய நிழலை மதிப்பாகக் கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிழலை இயல்பு மதிப்பாகக் கொடுங்கள். பிறகு ஹோவர் விதி பாக்ஸ்-ஷேடோவைத் தொடவே கூடாது, எழும் நிழல் என்ற வேரியபிளை மட்டும் மாற்ற வேண்டும். ஃபோகஸ் விதி வளையத்தை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு நிலையும் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டும் தானாகச் சேரும், சேர்க்கைக்கென்று தனி விதி எழுத வேண்டியதில்லை. வளையத்தைப் பட்டியலில் முதலில் வைப்பதற்குக் காரணம், அது எல்லா நிழலுக்கும் மேலே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே.

இந்த முறையில் மூன்று பொறிகள் இருக்கின்றன. நிழல் வேண்டாம் என்ற நிலைக்கு நன் (none) என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகும். நன் தனியாக மட்டுமே செல்லும், பட்டியலுக்குள் ஓர் உறுப்பாக வந்தால் முழு வரியும் செல்லாது. அதனால் இயல்பு மதிப்பு, இடையில் கமா இல்லாமல், 0 0 டிரான்ஸ்பரன்ட் என்ற வெறும் நிழலாக இருக்க வேண்டும். ஆயத்த சிஎஸ்எஸ் கிளாஸ்கள் தரும் டெயில்விண்டின் கோப்பைத் திறந்தால் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். வளையத்துக்கும் நிழலுக்கும் தனித்தனி வேரியபிள், இயல்பு மதிப்பாக முழுக்க ஒளி ஊடுருவும் பூஜ்ய நிழல். அதனால்தான் அங்கே ரிங் கிளாஸையும் ஷேடோ கிளாஸையும் ஒரே எலிமென்ட்டில் போட்டால் இரண்டும் வருகின்றன.

இரண்டாவது பொறி சற்று ஆழமானது. வேரியபிள் உள்ள வரியைப் படிக்கும் நேரத்தில் அது சரியா தவறா என்று பிரவுசருக்குத் தெரியாது, மதிப்பைப் பொருத்திய பிறகுதான் தெரியும். அப்போது தவறு என்று தெரிந்தால், அது வென்றிருந்த பழைய விதிக்குத் திரும்பிப் போவதில்லை. எழுதவே எழுதாதது போல நிழலே இல்லாமல் விட்டுவிடும். டெவலப்பர் டூல்ஸில் அந்த வரி உயிரோடு இருப்பது போலவே தெரியும், திரையில் ஒன்றும் இருக்காது. ஒரு வேரியபிளுக்கு மதிப்பே வைக்காமல் விட்டாலும் இதுதான் கதி. வேரியபிளைக் கூப்பிடும் இடத்திலேயே கமா போட்டு ஒரு மாற்று மதிப்பு கொடுப்பது, மதிப்பே இல்லாமல் போகும் நிலையில் காப்பாற்றும். தவறான மதிப்பு வைக்கப்பட்டிருந்தால் அதுவும் காப்பாற்றாது.

மூன்றாவது, பரம்பரை. பாக்ஸ்-ஷேடோ பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்காது, ஆனால் கஸ்டம் பிராப்பர்ட்டி இறங்கும். இயல்பு மதிப்புகளை ரூட்டில் (பக்கத்தின் உச்சி எலிமென்ட்டில்) மட்டும் வைத்துவிட்டு, கார்டின் ஹோவரில் எழும் நிழலை மாற்றினால், கார்டுக்குள் இதே சூத்திரத்தைப் பயன்படுத்தும் பட்டனும் சேர்ந்து எழும். இயல்பு மதிப்புகளை அந்தந்தக் கிளாஸிலேயே வைத்தால் இந்தக் கசிவு நிற்கும். அல்லது அட்-பிராப்பர்ட்டி விதியில் வேரியபிளைப் பதிவுசெய்து, பரம்பரை வேண்டாம் என்று சொல்லி, ஆரம்ப மதிப்பையும் அங்கேயே கொடுக்கலாம். 2024-இல் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் அது கிடைக்கிறது. புதிதாகத் தொடங்கும் வேலையில் நான் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன்.

ஒரு நிழலுக்குப் பதில் பல நிழல் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எண்களை எங்கிருந்து எடுப்பது என்பது அதில்தான் இருக்கிறது. குழல் விளக்கின் கீழே மேசைமேல் ஒரு புத்தகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விளக்குக்கு நீள அகலம் இருப்பதால், ஒளி முழுவதும் மறைந்த கருநிழலும், பாதி மறைந்த புறநிழலும் உண்டாகும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளி எல்லாப் பக்கமும் ஒரு லேசான மங்கலை விடும். புத்தகம் மேசையை நெருங்கினால் நிழல் சிறுத்துக் கருக்கும், தூக்கினால் பரந்து வெளிறும். ஒரே ஒரு பிளரால் இதையெல்லாம் காட்ட முடியாது. அடர்த்தியாக வைத்தால் அழுக்குப் பட்டது போலிருக்கும், பரப்பினால் கார்டு எதன்மீதும் ஒட்டாமல் மிதக்கும்.

கூகுளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியல் டிசைனின் வலைக் கூறுகள் இதை அப்படியே மூன்று நிழலாகப் பிரித்திருந்தன. இரண்டாம் உயரத்துக்கு அவர்கள் வைத்த அளவுகள் இவை. முதலாவது, கீழ்நோக்கி 3 பிக்சல், பிளர் 1, ஸ்பிரெட் எதிர்மறை 2, கறுப்பு 20 சதவீதம். இரண்டாவது, கீழ்நோக்கி 2, பிளர் 2, ஸ்பிரெட் 0, கறுப்பு 14 சதவீதம். மூன்றாவது, கீழ்நோக்கி 1, பிளர் 5, ஸ்பிரெட் 0, கறுப்பு 12 சதவீதம். முதல் நிழலின் எதிர்மறை ஸ்பிரெட்டைக் கவனியுங்கள். நிழலை எல்லாப் பக்கமும் 2 பிக்சல் சுருக்கி, பிறகு கீழே இறக்குகிறார்கள். பக்கவாட்டில் எட்டிப் பார்க்காமல் கீழ் விளிம்பில் மட்டும் கருக்கோடு விழுவது இதனால்தான். இந்த ஒரு உத்தியைப் பிடித்துக்கொண்டால் கார்டுகள் பாதி அழகாகிவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொரு முறை, நகர்வையும் பிளரையும் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஐந்து மெல்லிய நிழல்களை அடுக்குவது. விளிம்பில் அடர்ந்து, போகப் போக வழுவழுப்பாக வெளிறும் நிழல் கிடைக்கும். இதில் அடர்த்தியைக் கூட்டிப் பார்க்க மறக்கக் கூடாது. தலா 10 சதவீதமுள்ள ஐந்து நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் கிடைப்பது 10 அல்ல, 50-உம் அல்ல, ஏறத்தாழ 41 சதவீதம். ஒவ்வொன்றும் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. தலா 7 சதவீதம் வைத்தால் சுமார் 30-இல் நிற்கும். ஒற்றை நிழலில் பழகிய கை ஒவ்வொரு அடுக்குக்கும் 25 சதவீதம் வைத்துவிட்டு, ஏன் இவ்வளவு கறுப்பு என்று திகைப்பது இதனால்தான்.

எத்தனை அடுக்கு என்பதற்கு விதி கிடையாது, இது கண்ணின் வேலை. என் அனுபவத்தில் சாதாரணக் கார்டுக்கு இரண்டு போதும், திரைமேல் மிதக்கும் பெட்டிக்கு மூன்று. ஐந்து அடுக்கு, பக்கத்தில் ஒரே ஒரு பொருள் மட்டும் எழுந்து நிற்கும்போதுதான் பலன் தருகிறது. நாற்பது கார்டுகள் உள்ள பட்டியலில் அந்த நுணுக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. நிறத்திலும் அப்படித்தான். வெள்ளைத் தளத்தில் சுத்தக் கறுப்பு பரவாயில்லை. வெளிர் நீலமோ சந்தன நிறமோ உள்ள தளத்தில் கறுப்பு நிழல் சாம்பல் பூசியது போலாகிவிடும், தளத்தின் நிறத்தையே நன்றாகக் கருக்கி நிழலுக்குக் கொடுங்கள். பக்கம் முழுவதும் நகர்வின் திசை மட்டும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு கார்டின் நிழல் வலப்பக்கமும் அடுத்ததன் நிழல் நேர் கீழேயும் விழுந்தால், காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

மறுபடி ஸ்பெக் தீர்மானித்த பகுதிக்கு வருகிறேன். நிழல் இடம் பிடிக்காது. பக்கத்து எலிமென்ட்டைத் தள்ளாது, ஸ்க்ரோல் பகுதியை நீட்டாது. அதனால்தான் அது வெட்டுப்படுவதும் எளிது. சுற்றியுள்ள பெட்டியில் ஓவர்ஃப்ளோ ஹிடன் (வெளியே வழிவதை மறைப்பது) இருந்தால் நிழல் அதன் விளிம்பில் கத்தரித்தது போல நிற்கும். எலிமென்ட்டின் சொந்த ஓவர்ஃப்ளோ ஹிடன் அதன் சொந்த வெளி நிழலை ஒன்றும் செய்யாது, வெட்டுவது முன்னோர்தான். கார்டுகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் வரிசைகளில் இது தவறாமல் நடக்கும். கிடைமட்டத்துக்கு மட்டும் ஆட்டோ கொடுத்திருக்கிறேனே, கீழே ஏன் வெட்டுகிறது என்று தோன்றும். ஒரு அச்சுக்கு ஆட்டோ கொடுத்தால் விசிபிளாக இருந்த மற்ற அச்சும் ஆட்டோவாக மாறிவிடும் என்பது விதி. எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். பிளர் 24 என்றால் நிழல் தன் விளிம்பிலிருந்து வெளியே 24 பிக்சல் வரை பரவி மறையும். கீழ்நோக்கி நகர்வு 12 என்றால் கீழே 36, மேலே 12, பக்கங்களில் 24, ஸ்பிரெட் இருந்தால் அதையும் கூட்டுங்கள். பட்டியலில் இருக்கும் மிகப் பெரிய நிழலுக்கு இந்தக் கணக்கைப் போட்டு, வரிசைக்கு அவ்வளவு பேடிங் கொடுத்து, அதே அளவு எதிர்மறை மார்ஜினால் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டு இல்லாமலும் நிழல் காணாமல் போகும். பக்கத்தின் தலைப்புப் பட்டைக்கு நிழல் கொடுத்திருப்பீர்கள், அடுத்து வரும் பகுதிக்கு வெள்ளைப் பேக்கிரவுண்ட் இருக்கும். பின்னால் வருவது மேலே வரையப்படுவதால் நிழல் அதற்கடியில் மறைந்துவிடும். தலைப்புப் பட்டைக்கு பொசிஷன் ரிலேட்டிவும் அடுத்த பகுதியைவிட உயர்ந்த இசட்-இண்டெக்ஸும் கொடுங்கள். டேபிளில் பார்டர் கொலாப்ஸ் இருந்தால் வரிகளுக்கும் செல்களுக்கும் பாக்ஸ்-ஷேடோ பொருந்தாது என்பது ஸ்பெக்கிலேயே இருக்கிறது, செப்பரேட்டுக்கு மாற வேண்டும்.

கிளிப்-பாத் போட்டு அறுகோணமாகவோ முக்கோணமாகவோ வெட்டிய எலிமென்ட்டில் நிழலும் சேர்ந்தே வெட்டுப்படும். இங்கேதான் ஃபில்டரின் டிராப்-ஷேடோ உதவுகிறது, அதை வெட்டிய எலிமென்ட்டின் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியின் செவ்வகத்தை விட்டுவிட்டு, உண்மையில் நிறம் உள்ள பகுதியின் உருவத்தை அது பின்பற்றும். பின்புலம் இல்லாத பிஎன்ஜி படங்களுக்கும், வாலுள்ள பேச்சுக்குமிழ்களுக்கும் இதுவே சரி. ஆனால் பாக்ஸ்-ஷேடோவுக்கு நேர் மாற்று என்று நினைத்துப் பட்டியலை அப்படியே இங்கே ஒட்டினால் ஏமாற்றம்தான். ஸ்பிரெட் இல்லை, இன்செட் இல்லை. ஒரு டிராப்-ஷேடோவுக்குள் கமா போட்டுப் பல நிழல் எழுதவும் முடியாது. தனித்தனி டிராப்-ஷேடோக்களை இடைவெளி விட்டு அடுத்தடுத்து எழுத வேண்டும். அப்படி எழுதினால் அவை சங்கிலியாக வேலை செய்யும். இரண்டாவது நிழல் எலிமென்ட்டுக்கு மட்டும் விழாது, முதல் நிழலோடு சேர்ந்த முழு உருவத்துக்கும் விழும். வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு எழுதினால் மூலையில் மூன்றாவது நகல் ஒன்றும் தோன்றும். மூன்று எழுதினால் ஏழு நகல், ஐந்து எழுதினால் 31. மென்மையான ஐந்தடுக்கு நிழலை இங்கே கொண்டுவந்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிளரின் பொருளும் இரண்டிலும் ஒன்றல்ல. பாக்ஸ்-ஷேடோவில் நாம் எழுதும் எண்ணின் பாதிதான் காஸியன் மங்கலின் திட்டவிலக்கம், அதாவது மங்கல் எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதன் அளவு. டிராப்-ஷேடோவில் எழுதும் எண்ணே திட்டவிலக்கம் என்கிறது ஸ்பெக். ஒரே தோற்றம் வேண்டுமென்றால் பாக்ஸ்-ஷேடோவிலிருந்து டிராப்-ஷேடோவுக்கு வரும்போது பிளரைப் பாதியாக்கித் தொடங்குங்கள். ஃபில்டர் கொடுத்த எலிமென்ட், தனக்குள் இருக்கும் ஃபிக்ஸட் பொசிஷன் எலிமென்ட்டுகளுக்குத் தானே எல்லையாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். நிழல் சேர்த்த பிறகு உள்ளே இருந்த பாப்அப் இடம் மாறிவிட்டது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எழுத்துகளுக்கான டெக்ஸ்ட்-ஷேடோவும் கமா போட்ட பட்டியல்தான், முதலாவது மேலே. இன்றைய பிரவுசர்களை நம்பி எழுதும்போது அதில் ஸ்பிரெட்டும் இன்செட்டும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸ்-ஷேடோ போலன்றி இது பிள்ளைகளுக்கு இறங்கும். தலைப்புக்குக் கொடுத்த நிழல் அதற்குள் இருக்கும் சின்ன எழுத்துக்கும் போய்ப் படிக்க முடியாமல் செய்யும், அங்கே நன் கொடுத்து நிறுத்துங்கள். நான்கு திசையிலும் ஒரு பிக்சல் நகர்த்தி விளிம்புக்கோடு போடும் உத்தி ஆங்கிலப் பேரெழுத்துகளில் நன்றாக வரும். தமிழில் ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் மிக நெருக்கமானவை. அதே அளவில் சுழிகளின் உள்வெளி அடைபடும், மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ்த் தலைப்புகளுக்கு நகர்வைப் பாதியாக்கி, பெரிய எழுத்தளவில் மட்டும் பயன்படுத்துங்கள். படத்தின்மேல் வெள்ளை எழுத்து தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், எழுத்துக்கு நிழல் அடுக்குவதைவிடப் படத்தின் கீழ்ப்பகுதியில் கருமையான கிரேடியன்ட் ஒன்று போடுவது மேல்.

ஹோவரில் நிழல் திடுமென மாறாமல் வழிந்து மாற வேண்டுமென்றால் டிரான்சிஷன் கொடுப்பீர்கள். இரண்டு பட்டியல்களையும் பிரவுசர் இடத்துக்கு இடம் இணைசேர்க்கும், ஒன்று குட்டையாக இருந்தால் வெறும் நிழல்களால் நிரப்பிக்கொள்ளும். ஓரிடத்தில் இங்கே இன்செட், அங்கே வெளி நிழல் என்று முரண்பட்டால் இடைநிலை கிடையாது, முழுப் பட்டியலும் தாவிவிடும். மேலே சொன்ன வேரியபிள் முறையில் பட்டியலின் நீளமும் வரிசையும் எப்போதும் ஒன்றே என்பதால் இந்தத் தொல்லை தானாகவே நீங்கிவிடுகிறது. நிழலை அசைக்கும்போது ஒவ்வொரு கணமும் அந்தப் பகுதியை மறுபடி வரைய வேண்டியிருக்கிறது. ஒரு பட்டனுக்கு இது பொருட்டல்ல. பெரிய பிளர்கள் பல உள்ள கார்டுகள் நிறைந்த பக்கம், விலை குறைந்த போனில் திக்கினால், பெரிய நிழலை ஆஃப்டர் சூடோ எலிமென்ட்டில் முன்கூட்டியே வரைந்து, அதன் ஒபாசிட்டியை 0-விலிருந்து 1-க்கு மாற்றுங்கள். மறுபடி வரையும் வேலை மிச்சமாகும்.

இருண்ட தீமில் இதே எண்கள் வேலை செய்யாது, கறுப்பின்மேல் கறுப்பு தெரியாது. அங்கே எழுந்து நிற்பதைக் காட்ட, கார்டின் பேக்கிரவுண்டைத் தளத்தைவிட ஒரு படி வெளுப்பாக வைத்து, மேல் விளிம்பில் 1 பிக்சல் இன்செட் நிழலாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கொடுக்கிறேன். நிழல்களை வேரியபிளில் வைத்திருந்தால் தீம் மாற்றும் இடத்தில் மதிப்புகளை மட்டும் மாற்றினால் போதும்.

ஃபோகஸ் வளையத்தை நிழலால் செய்யும்போது மட்டும் இதைத் தவறாமல் செய்யுங்கள். விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் பயன்படுத்துவோருக்கு, ஃபோர்ஸ்டு கலர்ஸ் நிலையில், பிரவுசர் எல்லா பாக்ஸ்-ஷேடோவையும் டெக்ஸ்ட்-ஷேடோவையும் நீக்கிவிடும். ஃபோகஸுக்குப் பிரவுசர் தானாகப் போடும் கோடான அவுட்லைனை நன் என்று அணைத்துவிட்டு நிழலையே வளையமாக வைத்திருந்தால், கீபோர்டில் நகரும் அவர்களுக்குத் தாங்கள் எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும். நன் என்பதற்குப் பதிலாக 2 பிக்சல் சாலிட் டிரான்ஸ்பரன்ட் அவுட்லைன் எழுதுங்கள். மற்றவர்கள் கண்ணில் அது படாது. நிறங்கள் கட்டாயமாக்கப்படும் அந்த நிலையில் பிரவுசரே அந்த அவுட்லைனுக்கு நிறம் கொடுத்துக் காட்டும்.